டைப்ரைட்டரைக் கல்யாணம் செய்துகொண்டவர்

பழையதாள்:
அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய செய்தித்தாள்களை ராத்திரி ராத்திரியாக மேய்கிற ஆள் நான். 1890-களின் தாள் ஒன்றில் ஐந்து வரிச் செய்தி. வணிகர் ஒருவர் தன் டைப்ரைட்டரைக் கல்யாணம் செய்துகொண்டாராம். ஏதோ ஜோக் என்று நினைத்தேன். மேலே கோதுமை விலை, கீழே ஒரு சாவுச் செய்தி. அப்புறம்தான் உறைத்தது: அந்தக் காலத்தில் மெஷினுக்கும் அதில் அடிக்கிற பெண்ணுக்கும் ஒரே சொல். மாப்பிள்ளைக்குப் பெயர், தொழில், கடை இருக்கும் தெரு எல்லாம் போட்டிருந்தார்கள். பெண்ணுக்கு "டைப்ரைட்டர்" மட்டும்தான். இன்னும் உறுத்துகிறது.

கரிசல்காட்டான்:
இதில் உறுத்த என்ன இருக்கிறது? பிரிண்டர் என்றால் முன்பு அச்சடிக்கிற ஆள், இப்போது மேசை மேல் இருக்கும் பெட்டி. யாராவது அழுதார்களா? ரெமிங்டன் கம்பெனி 1874-இல் மெஷினை விற்பனைக்கு விட்டபோது அதை இயக்குபவருக்கு என்று தனிப் பெயர் கிடையாது. அதனால் மெஷினின் பெயரே ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். மெஷினை உருவாக்கிய மில்வாக்கி ஷோல்ஸே பத்திரிகைக்காரர்தான். எல்லாவற்றிலும் பெண் பாவம் என்று தேடக் கூடாது.

விண்மீனி:
கரிசல் அண்ணா, பிரிண்டரில் பெயர் ஆளிடமிருந்து மெஷினுக்குப் போனது. பழையதாள் சொல்வது நேர்த் தலைகீழ், மெஷினிடமிருந்து ஆளுக்கு. ரெண்டும் ஒன்றா?
என் அனுபவம் வேறு சொல்லில். 1892 மே 2 நியூயார்க் டைம்ஸில் "கம்ப்யூட்டர் தேவை" என்று தலைப்பு. ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவள் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்போது கம்ப்யூட்டர் என்றால் கையால் கணக்குப் போடுகிற ஆள். வாஷிங்டனில் கடல்வழிப் பஞ்சாங்கம் கணிக்கும் அரசு அலுவலகத்தில் ரெண்டு இடம் காலி, வருஷச் சம்பளம் ஒன்றுக்கு 1,000 டாலர், இன்னொன்றுக்கு 1,400. அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, முக்கோணவியல், வானியல் எல்லாவற்றிலும் பரீட்சை உண்டு. கம்ப்யூட்டருக்குப் பரீட்சை! ஹார்வர்டு வான்நோக்கு நிலையத்தில் இதே பெயரில் வேலை பார்த்த பெண்களுக்கு மணிக்கு 25 சென்ட்தான் என்று அப்புறம் படித்தபோது சிரிப்பு நின்றுபோனது.

மொட்டைமாடி:
நான் மாட்டியது "அல்ட்" என்ற சுருக்கத்தில். ஒரு கப்பல் விபத்தின் தேதியை ஒரு மாதம் தள்ளிக் குறித்துவிட்டேன்.
புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். தேதிக்குப் பின்னால் "இன்ஸ்ட்" என்று இருந்தால் இந்த மாதம், "அல்ட்" என்றால் போன மாதம், "ப்ராக்ஸ்" என்றால் வருகிற மாதம். ஜூன் 3 தாளில் "28 அல்ட்" என்றால் மே 28. முதலில் தாளின் மேலே இருக்கும் தேதியைப் பாருங்கள். வேறு ஊர்த் தாளிலிருந்து எடுத்துப் போட்ட செய்தி என்றால் அந்தத் தாளின் மாதத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். மங்கலான அச்சைக் கணினி கண்டபடி வாசிக்கும், பத்தி குறுகல் என்பதால் சொல்லும் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருக்கும். டைப்ரைட்டரை நடுவில் கோடு போட்டும் தேடுங்கள், பிரித்தும் தேடுங்கள். முழுப் பக்கத்தையும் சேமித்து வையுங்கள், துண்டாக வெட்டினால் தேதி போய்விடும்.

பழையதாள்:
சார், தேதி என்னிடம் இருக்கிறது. அடுத்த ரெண்டு வாரத் தாள்களையும் கோடு போட்டு, போடாமல் தேடிவிட்டேன். மாப்பிள்ளை இன்னொரு தடவை வருகிறார், புதுக் கடை திறந்ததற்கு. அந்தப் பெண் பெயர்தான் கிடைக்கவில்லை.