டீச்சருக்கு 50 டாலர் கார்டு: மாசசூசெட்ஸ் பெற்றோர் கவனத்துக்கு

வூஸ்டர்க்காரன்:
நம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நேற்றிலிருந்து ஒரு செய்தி சுற்றுகிறது. "டிசம்பர் லீவுக்கு முன்னால் டீச்சருக்கு 50 டாலர் கிஃப்ட் கார்டு கொடுப்பதுதான் மரியாதை. மாசசூசெட்ஸ் சட்டமே 50 வரை அனுமதிக்கிறது. 20 கொடுத்தால் இந்தியர்கள் கஞ்சர்கள் என்று நினைப்பார்கள்." எழுதியவர் ஆக்டன் அம்மா. அவர் இங்கேயும் இருப்பதால் இங்கேயே கேட்கிறேன்: சட்டத்தைப் படித்துவிட்டா எழுதினீர்கள்? அரசுப் பள்ளி டீச்சர் அரசு ஊழியர். அவர் வேலையை முன்னிட்டுக் கொடுக்கும் பரிசு 50 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் அவர் வாங்கக் கூடாது. 50 வரை அல்ல, 50-க்குக் கீழே. சரியாக 50 கொடுத்தால் தவறு. ஒரு குழுவையே தவறு செய்யத் தூண்டியிருக்கிறீர்கள்.

ஆக்டன் அம்மா:
ஒரு டாலர் வித்தியாசத்துக்கு ஒரு திரியே திறந்துவிட்டீர்களா? நான் எழுதியது நன்றியைப் பற்றி. என் பையன் செப்டம்பரில் ப்ரீஸ்கூலுக்குப் போனபோது ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. அந்த டீச்சர் என்னிடம் தண்ணீர், பசி, ஒண்ணுக்கு, அம்மா வருவாள் என்பதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஆங்கில எழுத்தில் எழுதி வாங்கி, தன் மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டார். அழுகிற பிள்ளையிடம் "அம்மா வருவாள்" என்று தமிழில் சொன்னார். அப்படிப்பட்டவருக்கு 50 டாலர் கொடுக்க நான் உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

வூஸ்டர்க்காரன்:
என்னிடம் வேண்டாம். அரசு ஊழியர்களின் நடத்தை விதிகளைக் கவனிக்கும் மாநில எத்திக்ஸ் கமிஷன் இதற்கென்றே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. அதில் "50 வரை" என்று எங்கே இருக்கிறது, காட்டுங்கள். டீச்சர் நல்லவர் என்பதால் 50 என்ற எண் மாறிவிடாது. நல்ல டீச்சராக இருந்தால் இன்னும் மோசம், உங்களால் சிக்கலில் மாட்டப்போவது அவர்தான்.

நடைவண்டி:
ஒரு சின்னக் கேள்வி. ஆக்டன் அம்மாவின் பையன் போவது ஊராட்சி நடத்தும் ப்ரீஸ்கூலா, தனியார் டே கேரா? அந்தச் சட்டம் அரசு ஊழியர்களுக்குத்தான். தனியார் டே கேர் டீச்சருக்கு அது பொருந்தாது, அங்கே அந்த நிறுவனத்தின் விதியைக் கேட்டால் போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எதற்குச் சண்டை?

வூஸ்டர்க்காரன்:
அவர் பையன் எங்கே போகிறான் என்பது எனக்குத் தேவையில்லை. அவர் எழுதியது "மாசசூசெட்ஸ் சட்டம்" என்று. சட்டத்தை இழுத்தவர் சட்டத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். 50 என்றால் 50 உட்பட. கூடாது.

ஆக்டன் அம்மா:
அப்படியானால் 49.99 கொடுத்தால் லஞ்சம் இல்லை, ஒரு சென்ட் கூட்டினால் லஞ்சமா? இது ஒரு நியாயமா?

வூஸ்டர்க்காரன்:
எங்காவது ஒரு இடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். 49.99-உம் எப்போதும் சரி என்று நினைக்காதீர்கள். 50-க்குக் கீழே இருந்தாலும், பரிசு கொடுத்தவரின் பிள்ளைக்கு டீச்சர் சலுகை காட்டுவார் என்று பார்ப்பவருக்குத் தோன்றும் என்றால் அவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நீங்கள் பெருமைக்குக் கொடுக்கிற கார்டுக்காக அவர் உட்கார்ந்து கடிதம் எழுத வேண்டுமா? 30, 30 என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாலும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

மல்லிகைப்பூ:
நான் ஒரு தொடக்கப் பள்ளியில் உதவி ஆசிரியையாக வேலை செய்கிறேன், உள்ளே இருந்து பார்ப்பதைச் சொல்கிறேன். டிசம்பர் கடைசி வாரம் டீச்சர் மேசையில் காபிக் கோப்பைகளும் வாசனை மெழுகுவர்த்திகளும் குவியும். பாதியை அவர்கள் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். பத்திரமாக வைத்துக்கொள்வது கடிதங்களைத்தான். பிள்ளை கோணலாக வரைந்த படம், அதற்குக் கீழே பெற்றோர் எழுதிய நாலு வரி. ஆக்டன் அம்மா, அந்த மேசையில் ஒட்டிய சீட்டைப் பற்றி இங்கே எழுதினீர்களே, அதையே டீச்சருக்கு எழுதுங்கள். வகுப்புக்கென்று கொடுக்க ஆசை இருந்தால் புத்தகம், பசை, டிஷ்யூப் பெட்டி கொடுங்கள். வகுப்புக்குக் கொடுப்பது டீச்சருக்குக் கொடுப்பதாக ஆகாது, அதற்கு அந்த 50 கணக்கும் கிடையாது. டீச்சர்கள் இதையெல்லாம் சொந்தப் பணத்தில் வாங்குகிறார்கள். வரிக்கணக்கில் மத்திய அரசு 2025 வரை கழித்துக்கொள்ள விட்டது வருடத்துக்கு 300 டாலர்தான், அதுவும் கிண்டர்கார்டனிலிருந்து. ப்ரீஸ்கூல் டீச்சருக்கு அதுவும் இல்லை.

அப்புறம், எங்களைப் போன்ற உதவியாளர்களை யாரும் நினைப்பதில்லை. பிள்ளைக்கு ஸ்நோ பேன்ட் மாட்டிவிடுவதும் மூக்கைத் துடைப்பதும் நாங்கள்தான்.

வூஸ்டர்க்காரன்:
நல்ல தகவல். ஆனால் 50 பற்றி நீங்களும் நான் சொன்னதைத்தான் சொல்கிறீர்கள் என்பதை ஆக்டன் அம்மா கவனிக்கட்டும்.

மல்லிகைப்பூ:
நான் 50 பற்றி உங்களுக்குச் சாட்சி சொல்ல வரவில்லை.

கோவில்பட்டிக்காரன்:
டீச்சர் கதையை விடுங்கள். வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? போன வாரம்தான் ஊரிலிருந்து கடலை மிட்டாய் வந்தது. கரிசல் மண் கடலை, வெல்லப் பாகு. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். இங்கே விற்கிற செயற்கை வண்ண மிட்டாயை விட ஆயிரம் மடங்கு மேல். ஆளுக்கு ஒரு பொட்டலம், சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்பப் போகிறேன். நம் ஊர்ப் பெருமை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.

தேன்மழை:
ஐயா, தயவு செய்து வேண்டாம். என் மகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி. பள்ளி நர்ஸ் அறையில் அவள் பெயர் எழுதிய எபிபென், அலர்ஜி கடுமையானால் உடனே போடும் ஊசி, இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை தின்றுவிட்டு அதே கையோடு அவள் க்ரயானை எடுத்தால், அவள் அதைத் தொட்டு வாயில் கை வைத்தால், எனக்கு போன் வரும். ப்ரீஸ்கூல் பிள்ளைக்கு ரிப்பன் தெரியும், உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது.

கோவில்பட்டிக்காரன்:
அம்மா, உங்கள் மகளுக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் பல் முளைத்த நாளிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் இதைத்தான் தின்று வளர்ந்தன. ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இந்த அலர்ஜியெல்லாம் இங்கே வந்த பிறகுதான் கேள்விப்படுகிறேன்.

தேன்மழை:
உங்களுக்குத் தெரியவில்லை என்பதால் ஊரில் இல்லை என்று ஆகிவிடுமா? என் மகளுக்கு மூச்சுத் திணறியதை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை. இதில் ஊர்ப் பெருமையைக் கொண்டுவராதீர்கள்.

ஆக்டன் அம்மா:
கடலை வேண்டாம் என்றால் முறுக்கு கொடுங்கள். நான் போன வருடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறுக்குதான் கொடுத்தேன். ஒரு பிரச்சினையும் இல்லை.

தேன்மழை:
எள் போட்டதா?

ஆக்டன் அம்மா:
எள் போடாமல் என்ன முறுக்கு?

தேன்மழை:
எள்ளும் இந்த நாட்டில் முக்கிய அலர்ஜிப் பொருள்தான். 2021-ல் சட்டம் வந்தது, 2023 ஜனவரி 1 முதல் பாக்கெட் உணவில் எள் இருந்தால் லேபிளில் எழுதியே ஆக வேண்டும். வரிசையில் ஒன்பதாவது. வீட்டில் சுட்ட முறுக்குக்கு லேபிள் ஏது? ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள், பொட்டலத்தை எத்தனை அம்மாக்கள் பயந்து குப்பையில் போட்டார்களோ. அதனால்தான் இங்கே எத்தனையோ பள்ளிகள் கொண்டாட்டத்துக்கு உணவே கொண்டுவராதீர்கள் என்கின்றன. அந்த விதியை முதலில் படியுங்கள்.

ஆக்டன் அம்மா:
என் முறுக்கைக் குப்பையில் போட்டார்கள் என்று உங்களிடம் யார் சொன்னது?

கோவில்பட்டிக்காரன்:
நல்ல முறுக்குக்கு ஓமம் போதும். எள் போடுவது எண்ணெயில் வெடிக்கத்தான்.

ஆக்டன் அம்மா:
சார், கடலை மிட்டாயைப் பற்றி மட்டும் பேசுங்கள். முறுக்கு எப்படிச் சுடுவது என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம்.

வூஸ்டர்க்காரன்:
திரியின் விஷயம் முறுக்கு இல்லை. 50 டாலர். ஆக்டன் அம்மா இன்னும் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தியைத் திருத்தவில்லை. இப்போதுதான் பார்த்தேன், அதற்குக் கீழே மேலும் சிலர் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

நடைவண்டி:
பிள்ளைகளுக்குத் தின்பண்டம் இல்லாமலே கொடுக்கலாமே. தரையில் வரையும் பருமனான சாக்குக் கட்டி நாலு, கூடவே ஒரு சிக்குக் கோலம் வரைந்த அட்டை. என் மகள் போன வருடம் கொடுத்தாள். வசந்தம் வந்ததும் பக்கத்து வீட்டு வாசலில் கோலம் கிடந்தது. ஒன்று மட்டும் வேண்டாம்: மினுக் மினுக்கென்று எரியும் மலிவு மோதிரம், வளையல். உள்ளே பட்டன் பேட்டரி இருக்கும். மூடி கழன்று பிள்ளை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் மணியும் வேண்டாம். பெரிய கடைகளே 2023 டிசம்பரில் அதைப் பிள்ளைகளுக்கு விற்பதை நிறுத்துவதாக அறிவித்தன. கொடுத்தால் வகுப்பில் ஒருவர் விடாமல் கொடுங்கள், அட்டையில் கிறிஸ்துமஸ் என்று எழுதாமல் புத்தாண்டு வாழ்த்து என்று எழுதுங்கள். யூதப் பிள்ளையும் இருக்கும், முஸ்லிம் பிள்ளையும் இருக்கும்.

அப்புறம் ஆக்டன் அம்மா, தனியாரா, ஊராட்சியா? இன்னும் சொல்லவில்லை.

ஆக்டன் அம்மா:
கிறிஸ்துமஸை கிறிஸ்துமஸ் என்று சொன்னால் என்ன தவறு? நமக்குத் தீபாவளி வாழ்த்து சொல்கிறார்களே, அதை அக்டோபர் வாழ்த்து என்றா சொல்கிறார்கள்?

மல்லிகைப்பூ:
பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எல்லோரும் சேர்ந்து வகுப்புப் பரிசாகக் கொடுக்கலாம். அதற்கு 150 டாலர் வரை இடம் உண்டு. வகுப்பின் பெயரில் மட்டும் கொடுக்க வேண்டும். யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பது டீச்சருக்குத் தெரியவே கூடாது. இல்லாதவர் இரண்டு டாலர் போட்டாலும் போடாவிட்டாலும் அவர் பிள்ளை தலை குனிய வேண்டியதில்லை.

தேன்மழை:
இதை ஆக்டன் அம்மாவுக்கு உரக்கச் சொல்லுங்கள். போன வருடம் அவர்தான் எங்கள் வகுப்பு ரூம் பேரன்ட், வகுப்பு வேலைகளைப் பெற்றோர் சார்பில் பார்ப்பவர். பணம் தராதவர்களின் பெயர்களைக் குழுவில் பட்டியல் போட்டார். அதில் என் பெயரும் இருந்தது. அந்த மாதம் என் கணவருக்கு வேலை போயிருந்தது.

ஆக்டன் அம்மா:
அது நினைவூட்டல். எனக்கு உங்கள் வீட்டு நிலைமை எப்படித் தெரியும்? என் கைப்பணத்தைப் போட்டுவிட்டு ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தேன். வேலை செய்பவரைத்தான் எல்லோரும் குறை சொல்வீர்கள். வேண்டுமென்றால் இந்த வருடம் நீங்கள் எடுத்து நடத்துங்கள்.

தேன்மழை:
தெரியாது என்றால் தனியாகக் கேட்டிருக்கலாம். பெயர் போட்டிருக்க வேண்டாம்.

வூஸ்டர்க்காரன்:
இதையும் பாருங்கள். 150 என்பதும் வகுப்பே சேர்ந்து கொடுப்பதற்குத்தான், தனி ஆள் கொடுப்பதற்கு அல்ல. தனி ஆள் கொடுத்தால் 50-க்குக் கீழே. போன வருடம் பெயர் பட்டியல், இந்த வருடம் தப்பான எண். பொறுப்பில் இருப்பவருக்கு விதி தெரிந்திருக்க வேண்டும். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவிலும் இதே கதைதான். அரங்க நேரத்தைச் சரியாகப் படிக்காமல் நாடகத்தைப் பாதியில் நிறுத்த வைத்தார்.

ஆக்டன் அம்மா:
ஓ, அதுதான் விஷயமா! உங்கள் மகன் நாடகம் பாதியில் நின்றதை இன்னும் மனதில் வைத்துக்கொண்டுதான் 50, 50 என்று அலைகிறீர்கள்.

வூஸ்டர்க்காரன்:
என் மகன் மூன்று மாதம் வசனம் மனப்பாடம் செய்தான். ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 50 டாலர் கார்டு தவறு. யார் எழுதினாலும் தவறு.

மல்லிகைப்பூ:
எத்திக்ஸ் கமிஷனில் இதற்கென்றே வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அரசு ஊழியர்கள் கேட்டால் இலவசமாக, ரகசியமாகப் பதில் சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் டீச்சரே கேட்டுக்கொள்வார். நீங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் விடுங்கள்.

வூஸ்டர்க்காரன்:
எனக்குச் சந்தேகமே இல்லை. எதற்கு விடுவது?

ஆக்டன் அம்மா:
செய்தியைத் திருத்த மாட்டேன். 50 கார்டு வாங்கி உறையில் போட்டாகிவிட்டது.

நடைவண்டி:
தனியார் டே கேர் என்றால் நீங்கள் கொடுப்பதில் சட்டப்படி ஒரு தவறும் இல்லை. அதைச் சொல்லிவிட்டால் முடிந்துவிடும்.

ஆக்டன் அம்மா:
என் பையன் எங்கே படிக்கிறான் என்று பொதுவெளியில் சொல்ல முடியாது.

வூஸ்டர்க்காரன்:
சொன்னாலும் வாட்ஸ்அப் செய்தி தவறுதான். அதைப் படிப்பவர்களின் பிள்ளைகள் எல்லாம் டே கேரிலா இருக்கிறார்கள்?

கோவில்பட்டிக்காரன்:
சரி, வகுப்புக்கு அனுப்பவில்லை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்போது கொடுக்கிறேன். அங்கே எல்லாம் நம் பிள்ளைகள்தானே.

தேன்மழை:
என் மகளும் அந்த வாசல் வழியாகத்தான் வருவாள், ஐயா.