ஆய்வுச் சோதனையின் ஏற்புடைமை குறித்து வழிகாட்டுதல் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் பொறியாளராகப் பணிபுரிந்துகொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். நிரலுக்கு முன்பே டெஸ்ட்களை (நிரல் சரியாக இயங்குகிறதா என்று சரிபார்க்கும் சிறு நிரல்களை) எழுதினால் பிழைகள் குறைகின்றனவா என்பதே என் கேள்வி.

24 பொறியாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினர் முதல் சனிக்கிழமை டெஸ்ட்களை முதலில் எழுதியும் அடுத்த சனிக்கிழமை வழக்கமான முறையிலும், மற்றப் பிரிவினர் இதற்கு நேர்மாறாகவும் வேலை செய்யுமாறு அமைத்திருந்தேன். ஒருவரை அவரோடே ஒப்பிடும்போது தனிமனிதத் திறன் வேறுபாடு குறுக்கிடாது என்று நம்பித்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாம் வாரம், வழக்கமான முறையில் எழுத வேண்டிய ஒருவர் காலிக் கோப்பைத் திறந்ததும் முதல் வரியிலேயே ஓர் அசர்ட் (விடை சரிதானா என்று சோதிக்கும் டெஸ்ட் வரி) எழுதினார். பிறகு நினைவு வந்து அழித்தார். வரியை அழிக்கலாம், கற்றதை எப்படி அழிப்பது?

ஆய்வு முறையியல் அறிஞர்களான குக்கும் கேம்பெலும் 1979-இல் வகுத்த நான்கு வகை ஏற்புடைமைகளில் உள் ஏற்புடைமையே, அதாவது கண்ட வேறுபாட்டுக்கு நாம் மாற்றிய முறைதான் காரணம் என்று சொல்லும் உறுதியே, இங்கு அடிபடுகிறது. முதல் வாரத் தரவை மட்டும் எடுத்தால் பிரிவுக்கு 12 பேர்தான். உண்மையான வேறுபாடு இருந்தாலும் புள்ளியியல் சோதனையில் அது புலப்படாமல் போகலாம். கலப்பு விளைவு மாதிரியில் (ஒரே நபரிடம் எடுத்த பல அளவீடுகளைச் சேர்த்து ஆராயும் புள்ளியியல் முறையில்) வாரத்தையும், எந்த முறை முதலில் வந்தது என்ற வரிசையையும் சேர்க்கலாம் என்கிறார்கள். ஆனால் இரண்டே கட்டங்கள் கொண்ட அமைப்பில் முந்தைய பயிற்சியின் தாக்கமும் வரிசையின் தாக்கமும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், அவற்றைத் தனித்தனியே பிரித்தறிய இயலாது என்றே கருதுகிறேன்.

இத்தகைய தரவைக் கையாண்டவர்கள் என்ன செய்தீர்கள் என்று விரிவாகச் சொல்லுங்கள். மீண்டும் நடத்துவதே சரி என்றால், டெஸ்ட்களை முதலில் எழுதிப் பழகாத பெங்களூரு நண்பர்கள் ஒரே ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம் ஒதுக்க முடியுமா என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.