பீனிசத்தோட (சைனஸ் வருத்தம்) ஒரு கண் வீங்கியிருக்கு, திங்கக்கிழமை வரைக்கும் பாக்கலாமோ?

நிலாவெளிக்காரி (இரவு 9.40)
இவருக்கு தடிமன் பிடிச்சு இண்டைக்கு 12 நாள். முதல் கிழமை சும்மா மூக்கடைப்புத்தான், இடையில ரெண்டு நாள் சுகமாகி கடைக்கும் போய்வந்தவர், பிறகு திரும்பக் காய்ச்சல், இடது கண்ணுக்குப் பக்கத்தில குத்துது எண்டு பனடோல் போட்டுக்கொண்டு திரிஞ்சார். இண்டைக்கு காலமை எழும்பேக்க இடது இமை வீங்கியிருந்துது, இப்ப கண்ணைத் திறக்கவே கஷ்டப்படுறார். வயசு 46, சீனி வருத்தமும் இருக்கு. கேட்டா பூச்சி கடிச்சிருக்கும், திங்கக்கிழமை கிளினிக் இருக்குத்தானே எண்டுறார். மாமி நொச்சி இலை அவிச்சு ஆவி பிடிக்கச் சொல்லுறா. பீனிசம் கண்ணுக்கும் வருமோ?

கடற்கரைப்பொடியன்
பயப்பிடாதீங்கோ அக்கா, எனக்கும் கச்சான் காத்து தொடங்கினா இதே கூத்துத்தான். சித்தாலேப பூசி ஆவி பிடிச்சா பத்து நாளில போயிடும்.

நைட்டியூட்டி
தம்பி, நீங்க சொல்லுறது தடிமனுக்குச் சரி, கண் வீக்கத்துக்குச் சரிவராது. பீனிசம் முக்காவாசி வைரஸால வாறது, தானா மாறியிடும், அதாலதான் எல்லாரும் இதை லேசா எடுக்கிறது. ஆனா மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில இருக்கிற எலும்பு கடதாசி மாதிரி மெல்லிசு, டொக்டர்மார் அதுக்கு வச்ச லத்தீன் பேரிலயே கடதாசி இருக்கு. பக்டீரியா அதைத் தாண்டினா கண்குழிக்குள்ள சீழ் கட்டும், அங்க இருந்து ரத்தக்குழாய் வழியா மண்டைக்குள்ளயும் போகலாம். ஒரு கிழமையில சுகமாகி திரும்பக் கூடினது எண்டு எழுதியிருக்கிறீங்க, அது பக்டீரியா ஏறினதுக்கு ஒரு அடையாளம்.

அக்கா, வீங்கின இமையை மெதுவாத் தூக்கி, தலையை ஆட்டாம உங்கட விரலை மட்டும் நாலு பக்கமும் பாக்கச் சொல்லுங்கோ. நோகுதோ, ரெண்டாத் தெரியுதோ, கண்முழி முன்னுக்குத் தள்ளி நிக்குதோ, சிவப்பு நிறம் மற்றக் கண்ணை விட மங்கலாத் தெரியுதோ? இதில ஒண்டு எண்டாலும் கண் நரம்புக்கு ஆபத்து. ஒண்டும் இல்லாட்டியும் காய்ச்சலும் சீனியும் இருக்கிற ஆள், இண்டைக்கு இரவே பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போங்கோ. வாகனம் இல்லாட்டி 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, காசில்லை. சீனிக்காரருக்கு இன்னொரு பயமும் இருக்கு, பூஞ்சை. 2021ல இந்தியாவில கொரோனாவோட கறுப்புப் பூஞ்சை எண்டு வந்ததே, அதுவும் மூக்கிலயிருந்துதான் கண்ணுக்குப் போறது. அண்ணாக்கில கறுப்பு, கன்னத்தில விறைப்பு இருக்கோ எண்டும் பாருங்கோ.

தம்பலகாமம்
நேர்ஸ் சொன்னதைக் கேளுங்கோ பிள்ளை. என்ர தம்பிக்கு பீனிசம் கண்ணுக்குப் போகேல்லை, நெத்திக்குத்தான் போனது. நெத்தி நடுவில களிமண் உருண்டை மாதிரி மெத்தெண்டு ஒரு வீக்கம், குளவி குத்தினதெண்டு சுண்ணாம்பு பூசிக்கொண்டு வயலுக்குப் போனவன். ஒரு கிழமை பார்மசியில அரைகுறையா அன்டிபயோட்டிக் வாங்கிப் போட்டதால காய்ச்சலும் தெரியேல்லை, அது எங்கட பிழைதான். பிறகு தலையிடியும் சத்தியும், ஒருநாள் பேச்சுக் குழறிச்சுது. ஸ்கான் எடுத்தா நெத்தி எலும்பு அரிச்சு உள்ளுக்கு மூளைக்கவசத்துக்கு மேலயும் சீழ். பொட் எண்ட பழைய இங்கிலீஸ் டொக்டர்ட பேரில அந்த வீக்கத்தைச் சொன்னாங்கள், டியூமர் எண்டு சொன்னதும் அம்மா புற்றுநோய் எண்டு அழத் தொடங்கியிட்டா, அது வெறும் சீழ் வீக்கம்தான். ஒப்பரேசன் செய்து ஆறு கிழமை ஊசி மருந்து. இப்ப சுகம், நெத்தியில ஒரு பள்ளம் மட்டும் கிடக்கு.

நிலாவெளிக்காரி (இரவு 10.05)
மேல பாக்கச் சொன்னா நோகுதாம், ரெண்டாவும் தெரியுதாம். வெளிக்கிடுறம்.

நைட்டியூட்டி
நல்லது. சீனிக் குளிசை, கிளினிக் கொப்பி ரெண்டையும் மறக்காதீங்கோ. கடைசியா எப்ப சாப்பிட்டவர் எண்டும் சொல்லுங்கோ, ஒப்பரேசன் எண்டா கேப்பினம்.

நிலாவெளிக்காரி (அடுத்த நாள் மத்தியானம்)
வாட்டில இருந்து எழுதுறன். ஸ்கானில கண்ணுக்கும் அந்தக் கடதாசி எலும்புக்கும் இடையில சின்னச் சீழ் கட்டியிருக்காம், மூளைக்குப் போகேல்லை. ஊசி மருந்து ஏறுது, 24 மணித்தியாலத்தில குறையாட்டி மூக்குக்குள்ளால கமரா விட்டு எடுப்பினமாம். மணிக்கொருக்கா ஒரு பிள்ளை வந்து சிவப்பு மூடி ஒண்டைக் காட்டி என்ன நிறம் எண்டு கேக்கிறா. இவருக்கு நித்திரை குழம்புதெண்டு அதில ஒரே கோவம்.