கொழுந்துக் கூடையை வைத்து வேறு என்ன செய்யலாம்?

வணக்கம் சேர்மாரே, மிஸ்மாரே. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் நான்குக்குப் படிப்பிக்கிறேன். ஒரு உதவி வேண்டும்.

போன கிழமை ஒரு பழைய கொழுந்துக் கூடையை மேசையில் வைத்து, "கொழுந்து போடுவதைத் தவிர இது வேறு எதற்கெல்லாம் உதவும்?" என்று கேட்டேன். கில்ஃபோர்ட் என்ற உளவியலாளர் வகுத்த மாற்றுப் பயன்கள் சோதனைதான் இது. அவர் செங்கல்லைப் பற்றிக் கேட்டார், நான் கூடையைப் பற்றிக் கேட்டேன். ஐந்து நிமிடம் வகுப்பில் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பையன் எழும்பி, "மிஸ், சரியான விடை எது?" என்றான். தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் இப்போதே வீட்டில் ஓடுகிறதே, பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்!

கடைசி வாங்கில் இருக்கும், தவணைப் பரீட்சையில் பாதித் தாளை வெறுமையாக விடும் பிள்ளைதான் முதலில் வாய் திறந்தது: "அடியில் ரெண்டு ஓட்டை போட்டுத் தம்பியை நிற்க வைக்கலாம். அம்மா வேலைக்குப் போனா அவன் ஓடமாட்டான்."

இப்படி வரும் விடைகளுக்கு எப்படிப் புள்ளி போடுவது? எண்ணிக்கை, வகை, புதுமை, விவரிப்பு என்று நாலு விதமாகப் பார்க்கலாம் என்று தெரியும். ஆனால் புள்ளி என்றதுமே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதுகிறார்கள். புள்ளி போடாமல் முன்னேற்றத்தைக் குறித்துவைக்கும் வழி யாரிடமாவது இருக்கிறதா?

நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் முடிகிற, காசு செலவில்லாத பயிற்சிகள் இருந்தாலும் சொல்லுங்கள். புரொஜெக்டர், இன்டர்நெட் எதுவும் இங்கே இல்லை. கூடை மட்டும் நிறைய இருக்கிறது.