மேசை ஹொக்கி: இறுகிய கம்பிகள் பற்றிய புதுப்பிப்பு

எங்கள் வீட்டு மேசை ஹொக்கியில் (கம்பிகளைத் தள்ளியும் திருப்பியும் பொம்மை வீரர்களால் வட்டைக் கோலுக்குள் அடிக்கும் பலகை விளையாட்டு) கம்பிகள் இறுகி, பொம்மை வீரர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். தையல் இயந்திர எண்ணெயைச் சிலரும் சிலிக்கோன் தெளிப்பைச் சிலரும் பரிந்துரைத்திருந்தீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் சிலிக்கோனையே தேர்ந்தெடுத்தேன்.

ஆனால், பலகையைக் கவிழ்த்துக் கம்பிகளைக் கழற்றியபோதுதான் உண்மையான காரணம் தெரிந்தது: வீரர்களைத் திருப்பும் சிறு பற்சக்கரங்களைச் சுற்றிக் கம்பள நூலும் தலைமுடியும் சாம்பல் நிற மோதிரம்போல் இறுகிக் கிடந்தன. அவற்றை ஊசியால் கிளறி எடுத்து, ஒவ்வொரு கம்பியையும் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்து, வளைந்திருந்த ஒன்றைக் கையாலேயே நிமிர்த்தி, துணியில் நனைத்த சிலிக்கோனை மெல்லியதாகத் தடவிய பிறகு, ஒரு விரலால் தள்ளினாலே கம்பி முனைவரை வழுக்கிச் செல்கிறது. ஆடுபரப்பை உலர்ந்த துணியால் துடைத்ததோடு சரி.

ஆவேசமாக ஆடும்போது பலகை நகராதிருக்க, மூலைகளில் றப்பர் பாதங்களை ஒட்டினேன். செலவு சொற்பம், பலன் பெரிது. (1932இல் ரொறன்ரோவில் டொனால்ட் மன்றோ இவ்விளையாட்டைத் தம் பிள்ளைகளுக்காக வீட்டிலிருந்த பொருட்களைக்கொண்டே செய்தாராம், நாம் ஒட்டிப் பழுதுபார்ப்பதில் தவறில்லை.) கோலுக்குள் விழுந்த வட்டு துள்ளி வெளியே வருவது மட்டும் இன்னும் தீரவில்லை, உட்பின்புறத்தில் தடித்த துணி ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்க்கவிருக்கிறேன்.