புயல் வருமென்று சொன்ன இரவுகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வாவிக்கரை (கல்லடி)

கார்த்திகை பிறந்தால் எங்கள் வீட்டில் முதல் வேலை றேடியோவுக்குப் பற்றரி வாங்குவதுதான். போன் இருக்கும்போது றேடியோ எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். அம்மா கேட்கமாட்டார். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பில் புயல் அடித்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது.

அப்போது தாழங்குடாவில் கிடுகு வேய்ந்த மண்வீடு. காலையிலிருந்து மழை, வடக்கிலிருந்து காற்று. மாரி என்றால் இப்படித்தானே என்று இருந்துவிட்டார்கள். பொழுதுபடும் நேரம் கூரை போய்விட்டது. அம்மப்பா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பக்கத்துக் கல்வீட்டுக்கு ஓடினார். அங்கே ஏற்கெனவே நாலைந்து குடும்பம். பேசினால் ஒருவருக்கொருவர் கேட்காத இரைச்சல் என்று அம்மா சொல்லுவார்.

இரவில் ஒரு கட்டத்தில் காற்று அப்படியே நின்றது. இலை கூட ஆடவில்லையாம். முடிந்தது என்று நினைத்து ஆம்பிளைகள் அரிக்கன் லாம்போடு மாடு தேடி வெளியே இறங்கினார்கள். ஒரு கிழவர் மட்டும் கதவில் நின்று, “உள்ளுக்கு வாங்க, மறுகா வரும்” என்று கத்தியிருக்கிறார். அவர் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அடிக்கத் தொடங்கியது. முதல் காற்றுக்குச் சரிந்து நின்ற மரங்களை இரண்டாவது காற்று முறித்தது. நடுவில் வந்த அந்த அமைதி புயலின் கண் என்று அம்மா பள்ளிக்கூடத்தில் படித்தது பிறகுதான்.

விடிந்தபோது முற்றத்தில் நின்று வாவியைப் பார்க்க முடிந்ததாம். அதுவரை தென்னைகள் மறைத்திருந்த வாவி அது. அந்த ஒரு இரவில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னையில் 90 சதவீதம் அழிந்தது. புதிதாக வைத்த தென்னை காய்க்க ஆறு, ஏழு வருடம் ஆகும் அல்லவா? பால்சொதி என்பது கலியாண வீட்டுச் சாப்பாடாகிப் போனது என்று அம்மா இப்போதும் சொல்லுவார்.

அன்றைக்கு அம்மாவின் வீட்டுக்கு ஒரு எச்சரிக்கையும் வந்து சேரவில்லை. இன்றைக்கு எனக்கு ஒரு நாளைக்குப் பத்து வருகிறது. “தாழமுக்கம் வலுவடையலாம்”, “கிழக்குக் கரையை அண்மிக்கலாம்”, “திசை மாறலாம்.” போன கிழமையும் இரண்டு இரவு தூங்கவில்லை, ஒன்றும் வரவில்லை. இந்த ‘லாம்’ என்ற சொல்லோடு நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள்? அறிவுரை வேண்டாம். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

கல்குடா போட்காரன்

அக்கா, நான் ஒரு எஞ்சின் போட் வைத்திருக்கிறேன். 2020 புரெவிப் புயலைச் சொல்கிறேன்.

டிசம்பர் முதலாம் திகதி கடற்கரையில் இருந்த எல்லாருமாகச் சேர்ந்து போட்டுகளை மேட்டுக்கு இழுத்தோம். கொரோனாக் காலம், கூட்டம் கூடக்கூடாது. ஆனால் ஒரு போட்டை இழுக்க இருபது பேர் வேண்டும். வலையை உழவு இயந்திரத்தில் ஏற்றி மாமி வீட்டில் போட்டேன். எஞ்சினைக் கழற்றி வீட்டு அறைக்குள் வைத்தேன். இரண்டாம் திகதி இரவு முழுக்க விழித்திருந்தோம். புயல் திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளிப் பக்கத்தால் ஏறியது. எங்களுக்கு மழையும் ஒரு முரட்டுக் காற்றும்தான்.

பிழையாகச் சொல்லிவிட்டார்கள் என்று கரையில் பலர் ஏசினார்கள். நான் ஏசவில்லை. வங்காள விரிகுடாவில் நூறு கிலோமீற்றர் என்பது ஒரு சின்ன விலகல். அந்த விலகல் தெற்குப் பக்கம் விழுந்திருந்தால் இன்றைக்கு நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

என் மனவருத்தம் வேறு. அந்த முறை ஐந்து நாள் கடலுக்குப் போகவில்லை. மீன் வாங்கும் வாடி முதலாளியிடம் கடன், மனைவியின் சங்கிலி அடகில். போட் உடைந்திருந்தால் படம் எடுத்து, படிவம் நிரப்பி, ஏதாவது கிடைக்கும் என்று காத்திருக்கலாம். உடையாத போட்டோடு கரையில் நின்ற ஐந்து நாளை எந்தப் படிவத்தில் எழுதுவது? அறிவித்தலைக் கேட்டு நடந்தவனுக்குத்தான் நட்டம். ஒரு மாரியில் இது மூன்று முறை நடந்தால் நாலாவது முறை ஒருவன் துணிந்து இறங்கிவிடுவான். அவனைப் பேராசைக்காரன் என்று சொல்லாதீர்கள்.

எங்கள் அப்பா போனையா பார்த்தார்? நீரோட்டம் மாறுவதையும், காற்றே இல்லாமல் அலை பெருப்பதையும் வைத்துச் சொல்லுவார். அவர் கணக்குப் பிழைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்தக் குறிகள் தெரியும்போது போட்டை இழுக்க அரை நாள்தான் மிச்சம் இருக்கும். போன் மூன்று நாள் தருகிறது. நான் இரண்டையும் பார்க்கிறேன்.

படுவான்கரை வயல்

எங்களுக்குக் காற்றைவிட மழைதான் கணக்கு. 2011 ஜனவரியில் வந்த வெள்ளத்துக்குப் புயல் என்று ஒன்றும் இல்லை, பெயரும் இல்லை. கதிர் வெளிவர முன் குடலைப் பருவத்தில் நின்ற பயிர் நாள்கணக்காகத் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. எனக்கு நாலு ஏக்கர். அறுவடை என்று வெட்டியது ஒரு ஏக்கர் கூட இல்லை.

இதில் வெளியில் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. மழை கூடினால் உன்னிச்சைக் குளத்து வான்கதவைத் திறப்பார்கள், வாவி நிரம்பும். அப்போது முகத்துவாரத்து மண்மேட்டை வெட்டிக் கடலுக்குத் தண்ணீரை விடச்சொல்லி விவசாயிகள் நாங்கள் கேட்போம். நேரத்துக்கு முன் வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று வாவியில் தொழில் செய்பவர்கள் சொல்லுவார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம். வெட்டிய பிறகு மழை பெய்யாமல் விட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். ஒரு கணிப்பு 100 மில்லிமீற்றர் என்கிறது, இன்னொன்று 200க்கு மேல் என்கிறது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஒரே ஊரில் இருக்கும் இரண்டு பகுதியினரின் சாப்பாடு கிடக்கிறது. கூட்டத்தில் சத்தம் வராமல் என்ன செய்யும்? ஒரு வருடம் என் மச்சானும் நானும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்து பேசினோம். அவருக்கு வாவியில்தான் தொழில்.

சம்மாந்துறை ஆசிரியர்

பெயரைப் பற்றி வயல்காரர் எழுதியதால் சொல்கிறேன்.

2024 நவம்பர் 26. காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி ஊடாக எங்கள் ஊருக்கு வரும் வீதியில் வெள்ளம் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அதில் அடிபட்டுப் போனது. பிள்ளைகள் இறந்தார்கள். நான் கிழமைக்கு ஆறு நாள் போய்வரும் வீதி அது. இன்றைக்கும் அந்த இடம் வந்தால் மோட்டார்சைக்கிளை மெதுவாக்கி துஆ செய்துவிட்டுத்தான் போவேன்.

அன்று அந்த மழையைக் கொண்டுவந்த தொகுதி ஆழமான தாழமுக்கமாகத்தான், அதாவது புயலுக்கு முந்திய நிலையில்தான் இருந்தது. காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தொட்டால்தான் புயல் என்று பெயர் வைப்பார்கள். ஃபெங்கல் என்ற பெயர் 29ஆம் திகதி கிடைத்தது. 30ஆம் திகதி புதுச்சேரிக்கு அருகே கரை ஏறியது. அதாவது, எங்கள் பிள்ளைகளை அடக்கிய பிறகுதான் அதற்குப் பெயர் வந்தது. “இது வெறும் தாழமுக்கம்தானே” என்று யாராவது சொல்லும்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

வகுப்பில் ஒவ்வொரு வருடமும் புயல் பாதை வரைபடத்தைக் கரும்பலகையில் கீறுவேன். நடுவில் ஒரு கோடு, அதைச் சுற்றி விசிறிபோல் அகன்று போகும் ஒரு பரப்பு. “சேர், எங்கட ஊர் உள்ளுக்கா, வெளியிலயா?” என்று கேட்பார்கள். அந்த விசிறி, புயலின் மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்பதை மட்டும்தான் காட்டுகிறது. முந்தைய வருடங்களில் கணிப்பு எவ்வளவு தூரம் விலகியது என்பதை வைத்து அதன் அகலத்தைப் போடுகிறார்கள். மழை அந்தக் கோட்டைப் பார்த்து நிற்காது, வெளியிலும் கொட்டும். இதை ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் போதும் என்றுதான் ஒவ்வொரு வருடமும் கீறுகிறேன்.

திங்கட்கிழமைப் படமும் புதன்கிழமைப் படமும் மாறுவதற்கும் காரணம் இருக்கிறது. நாங்கள் பூமத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிறோம். காற்றைச் சுழலவைக்கும் பூமியின் திருப்பு விசை இங்கே குறைவு. அதனால் மையம் உருவாகவே நாள் எடுக்கும். மையம் ஒரு இடத்தில் நிலைக்கும்வரை கணினிக் கணிப்புகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் காட்டும். மையம் பிடிபட்ட பிறகு வரும் படத்துக்குத்தான் நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். ஆனால் மழை எச்சரிக்கைக்கு அதுவரை காத்திருப்பதில்லை.

நாவலடி

நான் நீளமாக எழுதமாட்டேன். 2004 டிசம்பர் 26 காலை சுனாமிக்கு முன் எங்களுக்கு ஒரு சொல் கூட வரவில்லை. வீட்டில் ஏழு பேர் இருந்தோம், இப்போது இரண்டு பேர். அதனால் பத்துமுறை எச்சரித்துப் பத்துமுறையும் வராமல் போனால் எனக்குக் கோபம் வருவதில்லை. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி, மருந்துத் துண்டு எல்லாம் ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். சொன்னால் எடுத்துக்கொண்டு நடப்பேன். ஒன்றும் இல்லையென்றால் திரும்பி வந்து அதே ஆணியில் மாட்டுவேன்.

வாவிக்கரை (கல்லடி)

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாவலடி எழுதியதை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்.

நான் முதலில் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. என் தங்கச்சி பதுளையில் படிப்பிக்கிறாள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது அவள்தான் எங்களுக்கு எடுத்து எடுத்துச் சொன்னாள்: “அக்கா, கரையில இருக்கிறீங்க, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேட்டுப்பக்கம் போங்க.” நாங்களும் போனோம். கடலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மலைநாட்டில் மண் சரிந்தது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், கூடுதலானவர்கள் மலைப்பக்கத்தில். தங்கச்சியின் போன் இரண்டு நாள் வேலை செய்யவில்லை. அந்த இரண்டு நாளும் அம்மா சாப்பிடவில்லை, பேசவும் இல்லை. மூன்றாம் நாள் யாரோ ஒருவருடைய போனிலிருந்து எடுத்தாள். அம்மா முதலில் கேட்டது, “உன்ர வீட்டுக்குப் பின்னால மலை இருக்கா?”

அதன் பிறகு நான் மட்டக்களப்புக்கு மட்டும் மழை பார்ப்பதில்லை. பதுளைக்கும் பார்க்கிறேன்.

கல்குடாத் தம்பி, நீங்கள் சொன்ன ஐந்து நாள் விடயம் மனதில் நிற்கிறது. எங்கள் கிராமத்து இடர் முகாமைத்துவக் குழுவில் நானும் இருக்கிறேன். கரையில் நின்ற நாட்களையும் நட்டமாகப் பதியவேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன். வெறும் வாயால் சொன்னால் எடுபடாது. புரெவியிலிருந்து டித்வா வரை, எந்த அறிவித்தலுக்கு எத்தனை நாள் கடலுக்குப் போகாமல் நின்றீர்கள் என்று உங்கள் கரையில் இருப்பவர்களிடம் கேட்டு எழுதித் தாருங்கள். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்நேரம். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.