தோசைக்கல்லில் சாண்ட்விச்: மொறுமொறுப்பு நிற்க வழி சொல்லுங்கள்

வணக்கம் தோழிகளே. எங்கள் வீட்டில் ஓவனும் இல்லை, சாண்ட்விச் மேக்கரும் இல்லை. இரும்பு தோசைக்கல்தான். ரொட்டியின் வெளிப்பக்கம் வெண்ணெய் தடவி, உள்ளே உருளைக்கிழங்கு மசாலாவும் சீஸும் வைத்து, சிறு தீயில் பக்கத்துக்கு 3 நிமிடம் சுடுகிறேன். மேலே தட்டு வைத்து, தண்ணீர் நிரப்பிய சொம்பால் அழுத்துகிறேன். நிறம் அருமையாக வருகிறது, சீஸ்தான் உருகுவதில்லை. சரி என்று மூடி போட்டால் ஆவி இறங்கி ரொட்டி நமுத்துவிடுகிறது. மூடியைக் கடைசி அரை நிமிடம் மட்டும் போடலாமா? சீஸைத் துருவிப் போட்டால் சீக்கிரம் உருகுமா?

அப்புறம், மகளின் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கும் இதுதான் வேண்டும். மதியம் வரை மொறுமொறுப்பாக இருக்க என்ன செய்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், திங்கட்கிழமை அவளுக்குக் கொடுத்தனுப்ப ஆசை.